சன்னம் அண்ணையும் இரண்டு ஈயங்களும்

ஆக்லாந்தில் என்னைக் கோபப்படுத்தியவர்களை வரிசையாக எழுதினால் முதல் மூன்று இடங்களிலும் சன்னம் அண்ணைதான் இருப்பார். நான்காவது இடம் இந்த ஊர் மழைக்கு. ஐந்தாவது இடத்தில் மறுபடியும் சன்னம் அண்ணை.

நான் எதையும் வரிசை போட்டுப் பார்க்கிறவள். உலோகவியல் படித்தவள். ஆக்லாந்தின் விரி என்ற பகுதியில் குழாய் இணைப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு என் வேலை. குறையுள்ள பொருளைப் பார்த்தால் சிவப்புச் சீட்டு கட்டி ஒதுக்கி வைத்துவிடுவேன். மனிதர்களில் நான் சிவப்புச் சீட்டு கட்ட நினைத்த முதல் ஆள் அவர்.

அவருடைய உண்மையான பெயர் ரெண்ட் ஒப்பந்தத்தில் இருந்தது. நான்கு புனிதர்களை வரிசையாக நிற்க வைத்தது போன்ற நீளமான பெயர். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கோயிலில் பாதிரியார்கூடச் 'சன்னம்' என்றுதான் கூப்பிட்டார். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் சன்னம் என்றால் மெல்லியது. சன்ன அரிசி, சன்னமான குரல். இவரோ வாசலில் நின்றால் ஹாலுக்கு வெளிச்சம் வராது. கேலிக்கு வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மன்னார்க்காரர். அந்தப் பக்கத்தில் சன்னம் என்றால் துப்பாக்கிக் குண்டு.

பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் அவர்களுடைய வீடு. மேலே அவரும் அவர் மனைவி ரீட்டா அக்காவும். கீழே கராஜை ஒட்டிய ஒற்றை அறை ஃபிளாட்டில் நான். வீடு பார்க்கப் போன அன்றே அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, ஒண்டு முதலே சொல்லிப்போடுறன். சனிக்கிழமையிலை நான் துவக்கு எடுப்பன். இஞ்சை சத்தம் ஒண்டும் இராது."

சனிக்கிழமைதோறும் ஏதோ நல்ல காரியம் துவக்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "அதுக்கென்னண்ணே, தாராளமா" என்றேன். துவக்கு என்றால் துப்பாக்கி என்பது பெட்டியைப் பிரித்து அடுக்கிய பிறகுதான் தெரிந்தது. ஒரே மொழி பேசுகிறவர்கள் என்று நம்பி ஒரு வீட்டில் குடியேறுவதைப் போல ஆபத்து வேறில்லை.

பகலில் அவருக்கு எல்லர்ஸ்லியில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை. வீட்டில் எங்கே தீப்பிடிக்கும், எந்தப் படியில் யார் வழுக்கி விழுவார்கள் என்று மற்றவர்களுடைய ஆபத்துகளை எல்லாம் மேசையில் உட்கார்ந்து கணிப்பார். மாலையில் வந்து கராஜைத் திறந்து, கணித்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பார். ஞாயிறு மாலை மீன் பிடிக்கப் போவார். பிடித்ததில் பாதி என் கதவடியில் பிளாஸ்டிக் பையில் இருக்கும். நான் மீன் சாப்பிடுவதில்லை என்று சொன்னேன். அடுத்த வாரமும் பை இருந்தது. மறுபடி சொன்னேன். "ஓம் தங்கச்சி, தெரியும். அதுதான் சின்ன மீனாப் பார்த்து வச்சனான்" என்றார்.

துப்பாக்கி விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. லைசென்ஸ் இருந்தது, பூட்டிய இரும்பு அலமாரி இருந்தது. சுடுவது ஊருக்கு வெளியே கிரஹாமின் பண்ணையில். கிரஹாம் அவருடன் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: புல்லில் ஆடு மேய்கிறது, ஒரு குண்டுகூட நிலத்தில் கிடக்கக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் துப்பாக்கியை விற்றுவிட்டுக் கேரம் போர்டு வாங்கியிருப்பார்கள். சன்னம் அண்ணை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எலிப்பொறி எலியைப் பிடிப்பதுபோல, சுட்ட குண்டு ஒன்று விடாமல் பிடித்து வைக்கும் பொறி ஒன்றைத் தன் கையாலேயே செய்வது என்று முடிவெடுத்தார். பிடிபட்ட ஈயத்தை உருக்கித் தூண்டிலுக்குக் கனம் வார்ப்பார். அதைக் கட்டி மீன் பிடிப்பார். மீன் என் கதவடிக்கு வரும். இந்தச் சங்கிலியில் எனக்குத் தெரியாமல் நான் கடைசிக் கண்ணி.

முதல் பொறி, மணல் நிரப்பிய பலகைப் பெட்டி. குண்டு மணலில் நின்றுவிட்டது. பிரச்சினை அதைத் திரும்ப எடுப்பதில். ரீட்டா அக்கா புட்டுக்கு மா அரிக்கும் அரிதட்டை அண்ணை கொண்டுபோய் மணலை அரித்திருக்கிறார். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அடுத்த நாள் இரவு மேலே புட்டு சாப்பிடக் கூப்பிட்டார்கள். நன்றாக இருந்தது, இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன். பிறகு பாத்திரம் கழுவ உதவப் போனபோது அரிதட்டின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஓர் ஈயச் சிதறல் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் வேலையிடத்திலிருந்து நிஜமான சிவப்புச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து அந்த அரிதட்டில் கட்டினேன். அந்த நிறம் தூரத்திலிருந்தும் தெரிகிறது என்று சொல்லி, அவர் அதைக் கழற்றித் தூண்டில் பெட்டியில் கட்டிக்கொண்டார். இன்னும் இரண்டு கிடைக்குமா என்றும் கேட்டார்.

இரண்டாவது பொறி டெலிபோன் புத்தகங்கள். புதுப் புத்தகம் வந்ததும் தெருவில் எல்லோரும் பழசை வெளியே வைத்த சமயம் அது. வேனை எடுத்துக்கொண்டு போய் அள்ளிவந்து பெட்டியில் நெருக்கி அடுக்கினார். சனிக்கிழமை மாலை திரும்பி வந்து, என் கதவைத் தட்டி அறிக்கை கொடுத்தார்.

"பட்டேலோடை நிண்டிட்டுது தங்கச்சி. சிங் வரைக்கும் போகேல்லை."

எனக்கு வேண்டாவெறுப்பாக ஒரு மரியாதை வந்தது. காகிதத்தில் குண்டு சிதறாது, தூசி இல்லை, எடுப்பதும் சுலபம். அவர் செய்தவற்றில் அதுதான் சுத்தமான வடிவமைப்பு. இரண்டே வாரத்தில் புத்தகங்களை எல்லாம் வெளியே எடுத்து, ஓட்டை விழுந்த பக்கங்களோடு கட்டி, குப்பையில் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"ஆக்களின்ரை பேருக்குள்ளாலை போகுது," என்றார். "சரியில்லை."

வேலை செய்கிற ஒன்றைக் காரணமில்லாமல் கைவிடுவது என் தொழிலில் பாவம். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை, அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொண்டேன்.

மூன்றாவது இரும்புத் தகடு. பழைய சாமான் விற்கும் இடத்தில் பிடித்து வந்து, பண்ணையில் நேராக, சுவர் மாதிரி நிறுத்திவிட்டார். நேராக நிற்கும் இரும்பில் அடித்தால் சிதறல் எங்கே வரும் என்பதற்குப் படிப்பு வேண்டாம், சுவரில் பந்தடித்த அனுபவம் போதும். சிதறல் ஒன்று திரும்பி வந்து கிரஹாமின் வண்டி விளக்கை உடைத்தது. அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்ன அன்று ரீட்டா அக்கா தனியாக என் அறைக்கு இறங்கி வந்தார். அப்போது அவருக்கு வயிற்றில் ஆறு மாதம். கல்யாணமாகி வெகுகாலத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை. கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"நீங்கள் படிச்சனீங்கள். அந்தாளோடை ஒருக்காப் போய்ப் பாருங்கோ," என்றார். "இந்தப் பிள்ளை தகப்பனோடை வளரவேணும். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை."

அதனால்தான் போனேன். அண்ணைக்காக அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தகடு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், குண்டு மேலே பட்டுக் கீழே இறங்க வேண்டும், சுற்றிலும் மூடியிருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். ஆச்சரியமாக, எல்லாவற்றையும் கேட்டார். விரியில் எனக்குத் தெரிந்த வெல்டர் ஒருவரிடம் செய்துவாங்கினோம். பண்ணையில் வைத்து அவர் சுட்டார். டங் என்று ஒரு சத்தம், பிறகு கீழே வாளியில் 'டொக்' என்று ஒரு சத்தம். அந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஏதோ கீர்த்தனை கேட்பவர் போல.

நான் வாளியைப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக், மூடியில் வாத்துப் படம். பிறக்கப்போகும் பிள்ளையின் நாப்பி ஊறவைக்கக் கோயில் பெண்கள் சேர்ந்து வாங்கிக்கொடுத்த வாளி அது.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசினேன். முதலாவது, ஈயத் தூசி கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, வயிற்றுப் பிள்ளைக்கு அதைப்போலக் கெடுதல் வேறில்லை. மூன்றாவது, அந்த வாளியை இனி வீட்டுக்குள் கொண்டுவந்தால் நான் வீட்டைக் காலி செய்வேன். மூன்றாவதைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. வாளி பண்ணையிலேயே தங்கியது. புது வாளி வாங்கி வந்தார், அதிலும் வாத்து இருந்ததா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் ரீட்டா அக்காவுக்காகவே போனேன். குண்டு ஒன்று பொறியில் படாமல் ஓரமாகப் போய்விட்டது. பின்னால் மேடு, அதற்குள் புதைந்திருக்கும், யாருக்கும் ஆபத்தில்லை. விட்டுவிடலாம் என்று கிரஹாமே சொன்னார். சன்னம் அண்ணை முழங்காலில் விழுந்து மேட்டைக் கையால் கிளற ஆரம்பித்தார். மழை பிடித்தது. ஆடுகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. கிரஹாம் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என் ஷூவில் சேறு, தலையில் தண்ணீர், மனதில் கெட்ட வார்த்தை. ஒரு குண்டுக்காக மனுஷன் இப்படியா என்று கேட்டேன். அவர் கிளறிக்கொண்டே இருந்தார். இருட்டும் நேரத்தில் சுண்டுவிரல் நுனி அளவு ஈயத்தைச் சேற்றோடு தூக்கிப் பிடித்து, "நிண்டிட்டுது" என்றார். ஏதோ காணாமல் போன பிள்ளை கிடைத்தது மாதிரி.

சேர்ந்த ஈயத்தை உருக்க ஆரம்பித்ததுதான் பெரிய சண்டை. கராஜில், முகாம் அடுப்பில், என் ஜன்னலை ஒட்டி, ரீட்டா அக்கா துணி காயப்போடும் இடத்துக்குப் பத்தடி தள்ளி. ஒரு மாலை வேலையிலிருந்து வந்தவள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை.

"நாங்கள் சின்னனிலை வலைக்கு ஈயமணி பூட்டுறதே பல்லாலை கடிச்சுத்தான் தங்கச்சி," என்றார். "எனக்கு என்ன நடந்தது?"

"அதைத்தாண்ணே நானும் வந்த நாள்லேருந்து யோசிச்சிட்டிருக்கேன்," என்றேன்.

மேலே ஜன்னலில் ரீட்டா அக்கா சிரித்தது கேட்டது. அவரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கராஜ் கதவில் தடைகளை எழுதி ஒட்டினேன். முதலில் 'ஈயம் உருக்குவதை உடனே நிறுத்தவும்.' மறுநாள் பார்த்தால் 'நிறுத்தவும்' என்பதைப் பென்சிலால் அடித்து 'நிப்பாட்டவும்' என்று திருத்தியிருந்தார். ஆனால் உருக்குவதை நிப்பாட்டவில்லை. அடுப்பைத் தோட்டத்துக் கோடிக்கு நகர்த்தியிருந்தார். அது அவரளவில் பெரிய சலுகை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் ரீட்டா அக்காவிடம் எங்கள் வீட்டு ரசத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு எதைச் சாப்பிட்டாலும் கசந்தது. ஈயச் சொம்பில் வைத்த ரசம் என்றால் வாய்க் கசப்பெல்லாம் பறந்துவிடும், அந்த மணமே தனி, சொம்பை விமானத்தில் நசுங்கிவிடும் என்று அம்மா தரவில்லை என்று சொன்னேன். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரைத் தாழ்த்தினார். நான் கவனித்திருக்க வேண்டும்.

சில ஞாயிறுகள் கழித்து, பூசை முடிந்து வந்ததும் மேலே சாப்பிடக் கூப்பிட்டார். போனபோது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. மடித்த துண்டின் மேல், இரண்டு கையாலும் தாங்கி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மேசை முனகியது. சொம்பு என்று யாராவது சொன்னால்தான் சொம்பு என்று தெரியும். ஒரு பக்கம் வீங்கி, கழுத்து சாய்ந்து, பல்வலிக்காரன் மாதிரி இருந்தது.

"உங்கடை ஈயச் செம்பு," என்றார். "நானே வார்த்தனான்."

பொறியில் பிடிபட்ட குண்டுகள் அத்தனையும் அதற்குள் இருந்தன. அதோடு ரசமும் இருந்தது. நான் சொன்ன முறை தவறாமல், புளி கரைத்துத் தனியே கொதிக்கவைத்து, சுடச்சுட அதில் ஊற்றி, மூடி வைத்திருந்தார். பெருங்காயத்தைக்கூட மறக்கவில்லை. எனக்கு முதலில் ஊற்றவில்லை. ரீட்டா அக்காவின் கையில் ஒரு டம்ளர் இருந்தது. அது உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

என் வாழ்நாளில் நான் ஒரு தடவைதான் கர்ப்பிணியைக் கையில் அடித்திருக்கிறேன். டம்ளர் சுவரில் போய் விழுந்தது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது. மாதாவின் படத்துக்குச் சற்று இடப்பக்கம்.

"குடிச்சீங்களா அக்கா?"

இல்லை என்று தலையாட்டினார். பிறகு, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்ததாகச் சொன்னார்.

"அண்ணே, இது காரீயம். விஷம். எங்க வீட்டுச் சொம்பு வெள்ளீயம். இது வேற, அது வேற."

"நீங்கள் ஈயம் எண்டுதானே சொன்னீங்கள்."

"ரசத்துக்கு ஈயம்னா வெள்ளீயம்தாண்ணே."

"வலைக்கு ஈயம் எண்டால் இதுதான்," என்றார். குரல் மெல்ல இறங்கியது. முதல் தடவையாக அது சன்னமாக இருந்தது.

இதில் என் தவறு எதுவும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கோபமெல்லாம் நம் முன்னோர்கள் மேல். யானைக்கும் மேகத்துக்கும் ஆளுக்கு இருபது பெயர் வைத்தவர்கள், ஒன்று வாழவைக்கும் ஒன்று கொல்லும் இரண்டு உலோகத்தை ஈயம் என்ற ஒரே சொல்லில் போட்டுப் புழங்கியிருக்கிறார்கள். முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துச் சொல்லக்கூடச் சோம்பல்.

மறுநாள் இரண்டு பேரையும் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அவர் கராஜைத் திறக்கவில்லை. வேலைக்குப் போகவில்லை. மீன் பிடிக்கப் போகவில்லை. என் கதவடியில் மீன் இல்லாத அந்த ஞாயிறு எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்தேன்.

முடிவு கேட்கப் போன அன்று ரீட்டா அக்கா உள்ளே இருக்க, நாங்கள் காரில் காத்திருந்தோம். கண்ணாடியில் மழை. நான் இன்னும் கோபமாகத்தான் இருந்தேன். துப்பாக்கி என்ன அவ்வளவு முக்கியமா, இந்த விளையாட்டு இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அவர் வைப்பரைப் போட்டார்.

"சுடுறது எனக்குப் பெரிசில்லைத் தங்கச்சி," என்றார். "ஊரிலை ஒருநாள் எங்கடை குசினிச் சுவருக்குள்ளாலை ஒரு சன்னம் வந்தது. அம்மா அடுப்படியிலை இருந்தவ. அவவின்ரை தலைக்கு மேலாலை போய் மற்றச் சுவருக்குள்ளாலை வெளிக்கிட்டிட்டுது. அம்மாவுக்கு ஒண்டுமில்லை. ஆனா அது எங்கை போய் நிண்டது எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கமும் வீடுகள்தான்."

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது. அவருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது, டெலிபோன் புத்தகங்களை ஏன் எறிந்தார், மழையில் ஏன் மேட்டைக் கிளறினார் என்று என் பட்டியலில் இருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக அடிபட்டன. எனக்கு மேலும் கோபம் வந்தது. இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் ஒருவரைத் திட்டுவது எப்படி? சொல்வதானால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ரீட்டா அக்காவுக்கு ஒன்றுமில்லை. அண்ணையின் இரத்தத்தில்தான் ஈயம் நிறைய இருந்தது. பல்லால் கடித்த வலைகளும் அதில் சேர்த்தியா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. உருக்குவதை அன்றோடு விட்டார். பொறி பண்ணையில் இருந்தது. பிடிபடுவதை எல்லாம் டப்பாவில் அடைத்து 'கா' என்று எழுதிக் கொடுப்பார். விரியில் பழைய உலோகம் எடுக்கிறவர்களிடம் நான் சேர்ப்பேன். அந்தப் பல்வலிச் சொம்பும் அப்படித்தான் போனது. 'கா' என்பது காரீயம். புதிதாக எழுத்துப் படித்த பிள்ளையைப்போல வீட்டில் இருந்த உலோகம் எல்லாவற்றிலும் எழுதினார். பித்தளை விளக்கிலும் 'பி' இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. எல்லாம் அடங்கிவிட்டது என்று நான் நினைத்திருந்தபோது, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா என் ஈயச் சொம்பைக் கொடுத்தனுப்பினார். நிஜமான வெள்ளீயம். அண்ணை கேட்டார், இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று. கொடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல. மறுநாள் மாலை அவரே இறங்கி வந்து, கதவைத் தட்டாமல் வெளியிலிருந்தே பேசினார். ரீட்டாவுக்கு ரசம் வைக்கலாம் என்று சொம்பைக் கொஞ்சம் சூடாக்கினாராம். வெறும் சொம்பை. அடுப்பில்.

"வெள்ளீயமும் உருகும்போலை கிடக்கு," என்றார்.

நான் கதவைத் திறக்கவில்லை. சில வாரங்கள் அவர் முகத்தில் விழிக்கவும் இல்லை. மாடிப்படியில் குழந்தையைப் பார்த்தால் மட்டும் நின்றேன். குழந்தை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

அவளுடைய முதல் பிறந்தநாளுக்குப் போகாமல் இருக்க முடியாது. மேலே போனேன். ஹாலெல்லாம் பலூன். தரைவிரிப்பின் நடுவில் உட்கார்ந்து, பல் முளைக்கும் நமைச்சலில் எதையோ இரண்டு கையாலும் பிடித்து ஆவேசமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனதும் தெரிந்தது. உலோகத்தில் வார்த்த ஒரு மீன். அவள் கையைவிடப் பெரியது. கூடியிருந்த எல்லோரையும் தாண்டிப் பாய்ந்து பிடுங்கினேன். குழந்தை வீறிட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாகப் பளபளத்தது. காரீயம்போல விரலில் கறுப்பு ஒட்டவில்லை. வயிற்றில் ஆணியால் கீறிய எழுத்து: 'வெ'.

சன்னம் அண்ணை சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"உங்கடை செம்புதான் தங்கச்சி," என்றார். "நீங்கள் மீன் எண்டால் எடுக்கமாட்டீங்கள். அதுதான் இவவுக்குக் குடுத்தனான்."

சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. மீனை என் துப்பட்டா நுனியால் நன்றாகத் துடைத்து, குழந்தையின் கையில் திருப்பிக் கொடுத்தேன்.